செயலாளரின் ஆண்டறிக்கை: இரவுக் கட்டடப் பதிவும் நிலுவைச் சந்தாவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது புகைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. உலகப் புகைப்பட தினமான ஆகஸ்ட் 19 அன்று உறுப்பினர்களின் படக் கண்காட்சி நடந்தது. பொங்கல் விடுமுறையில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். பறவைகளைப் படமெடுக்கப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போய் வந்தோம். அதற்கு நல்ல கூட்டம்.

அடுத்து, சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்து நிறைவேறிய இரவுக் கட்டடப் பதிவுத் திட்டம். செயலாளர் தன் சொந்த ஆசைக்குச் சங்கத்தை இழுக்கிறார் என்று பேச்சு அடிபடுவதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னையின் பழைய கட்டடங்களைப் பகலில் எடுத்த படங்கள் ஏராளம். இரவில் அவை எப்படி இருந்தன என்பதற்கு நம்மிடம் ஒழுங்கான பதிவு கிடையாது. தெருவிளக்கு மஞ்சள் சோடியம் விளக்கிலிருந்து வெள்ளை எல்இடிக்கு மாறியதும் ஊரின் இரவு நிறமே மாறிவிட்டது. 1892இல் கட்டி முடித்த உயர் நீதிமன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சோடியம் மஞ்சளில் அதன் செங்கல்லும் கல் வேலைப்பாடும் ஒரே நிறமாகக் கலந்து கிடந்தன. வெள்ளை வெளிச்சத்தில் சிவப்பு தனியாக எழுந்து நிற்கிறது. 1894 முதல் 1977 வரை அதன் உயரமான குவிமாடத்தில் கலங்கரை விளக்கம் எரிந்தது. அதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், படம்தான் நம்மிடம் இல்லை. சோடியம் காலத்து இரவுப் படங்களாவது சில மூத்த உறுப்பினர்களின் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. பல முறை கேட்டுவிட்டேன். இன்னும் வந்து சேரவில்லை.

திட்டம் எளிமையானது. ஒரே இடம், ஒரே லென்ஸ், ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப்8, டிரைபாட். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கும்படி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நேரம் முக்கியம். நம் ஊரில் அந்தி நீளாது. சூரியன் மறைந்து ஒரு கால் மணி நேரம் கழித்து வானம் ஆழ்ந்த நீலமாகும். அடுத்த பத்து நிமிடத்தில் கறுத்துவிடும். அந்த இடைவெளியில்தான் விளக்கொளியும் வானொளியும் ஏறக்குறைய சமமாக இருக்கும், கோபுரத்தின் விளிம்பு வானத்திலிருந்து பிரிந்து தெரியும். நவம்பர் கடைசியில் சூரியன் சுமார் 5.40க்கே மறைகிறது. ஏழு மணிக்கு வந்து இறங்கி 'ஆரம்பிக்கலாமா சார்?' என்று கேட்டால் நான் என்ன செய்வது?

இந்த ஆண்டு அதிக உழைப்பை வாங்கியது மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை. 1913இல் திறக்கப்பட்ட இந்த வெள்ளைக் கட்டடம் 85 மீட்டர் நீளம், மணிக்கூண்டு 43 மீட்டர் உயரம். கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் படத்தில் கூண்டு பின்னால் சாய்ந்ததுபோல் தெரியும். அதனால் கேமராவை மட்டமாக வைத்து, தள்ளி நின்று எடுத்து, கீழே மிஞ்சும் சாலையை வெட்டிவிடுகிறோம். கடிகார முகப்பில் உள்ளே வெளிச்சம் எரிகிறது. சுவருக்குச் சரியான 20 வினாடி கேமராவை ஒளி வாங்க விட்டால் முகப்பு வெறும் வெள்ளைத் தட்டாகிவிடும், முள்ளே தெரியாது. முகப்புக்கென்று ஒரு வினாடிக்கும் குறைவாகத் தனிப் படம் எடுத்துப் பிறகு சேர்த்தோம். விழா நாட்களில் வண்ண விளக்கு போடும்போது இன்னொரு தொல்லை. படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தமாகப் பார்த்தால் ஒழுங்காகத்தான் காட்டும். ஆனால் நீலமோ சிவப்போ தனியாக உச்சியில் முட்டி, வளைவு வேலைப்பாடெல்லாம் சாயம் பூசிய அட்டைபோல் தட்டையாகிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பார்த்து எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியின் அளவை, குறைப்பதே வழி. இதையெல்லாம் நேரில் வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

வந்தவர்கள் என்றால், பதிவேட்டில் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூட இல்லை. காவலர் விரட்டுகிறார் என்பது பலர் சொன்ன காரணம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டடங்களைப் படமெடுப்பதையும் அந்தப் படத்தை வெளியிடுவதையும் மீறலாகக் கருதுவதில்லை. வளாகத்துக்குள் நுழைவதும் டிரைபாட் விரிப்பதும் வேறு விஷயம், அவற்றுக்கு அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன், நினைவூட்டினேன், நேரிலும் போனேன். மேசை மேசையாக அனுப்பினார்களே தவிர பதில் தரவில்லை. ஆகவே பொது நடைபாதையில் நின்று கிடைக்கும் கோணத்தில் எடுத்தோம். இரண்டு பேர் மட்டும் நின்றால் எந்தக் காவலரும் கேள்வி கேட்பார். சங்க அட்டையோடு பத்துப் பேர் நின்றால் அவரே வழி விட்டு நிற்கிறார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு போன ஆண்டைவிடக் குறைவு, செலவு ஏறக்குறைய அதே அளவு. இருப்பு அடுத்த கண்காட்சிப் படங்களுக்குச் சட்டம் (ஃபிரேம்) போடவே சரியாக இருக்கும். இரவுத் திட்டத்துக்குச் சங்கப் பணம் அதிகம் போகவில்லை. ஆட்டோவும் பிரிண்ட்டும் பெரும்பாலும் வந்தவர்களே பார்த்துக்கொண்டார்கள். சந்தா நிலுவை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போடுகிறவர்களின் பெயரும் அந்தப் பட்டியலில் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சங்கத்தின் பெரிய டிரைபாட்டை இரவல் வாங்கிப் போனவரும் தயவுசெய்து திருப்பித் தர வேண்டும். பேருந்து போகும்போது அதிராமல் நிற்பது அது ஒன்றுதான்.

தலைவர் அவர்களுக்கும், கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தேநீர் ஏற்பாடு செய்த நண்பர்களுக்கும், மழையிலும் குடை பிடித்து நின்ற இளைய உறுப்பினர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு எழும்பூர் ரயில் நிலையத்தை முதலில் வைத்திருக்கிறேன். 1908இல் திறந்த அந்தப் பழைய கட்டடத்தைச் சுற்றி மறுமேம்பாட்டு வேலை நடக்கிறது. சுற்றுப்புறம் முழுசாக மாறுவதற்குள் வெளியிலிருந்து எடுத்துவிட வேண்டும். அப்புறம் அண்ணா சாலை எல்ஐசி கட்டடம். 1959இல் திறந்த 14 மாடி, அப்போது இந்தியாவிலேயே உயரமானது. செயலாளர் பொறுப்பைப் புதியவர் ஒருவர் ஏற்க முன்வந்தால் கணக்கும் கோப்பும் இன்றே ஒப்படைக்கத் தயார். இந்தத் திட்டத்தை நடுவில் விடமாட்டேன் என்று மட்டும் அவர் இங்கே சொல்ல வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் நானே தொடர்கிறேன். பழைய படங்களின் பிரதியை இம்மாதக் கடைசிக்குள் தாருங்கள், சந்தாவைக் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் கட்டுங்கள். எழும்பூருக்கு மாலை ஐந்து மணிக்கே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்