கறுப்பு ஜம்ப்சூட் விற்பனைக்கு

அன்புள்ள செல்விக்கு,

நீ விற்கப்போகும் பழைய அமெரிக்க ஜம்ப்சூட்டின் படங்கள் வந்து சேர்ந்தன. நீண்ட கை, 'வி' கழுத்து, முதுகில் ஜிப், தரையைக் கூட்டும் அகலக் கால், கறுப்பில் மினுங்கும் லூரெக்ஸ் ஜிகினா இழை. நல்ல சரக்குதான். ஆனால் விளம்பரத்தில் "சைஸ் 12" என்று மட்டும் போட்டிருக்கிறாயே, அதை வைத்து யாரடி வாங்குவார்கள்? எழுபதுகளின் அமெரிக்க 12 இன்றைய 12ஐவிடச் சிறியது.

கவுன் என்றால் மார்பும் இடுப்பும் சொன்னால் ஓரளவு போதும். ஜம்ப்சூட் சட்டையும் பேண்ட்டும் ஒன்றாய்த் தைத்தது, அதில் தோளும் கவட்டையும் ஒரே துணியில் கட்டுண்டு கிடக்கின்றன. அதனால் முதலில் சொல்ல வேண்டியது நெடுஞ்சுற்று. கழுத்தோடு சேரும் தோள்முனையில் தொடங்கி, முன்பக்கமாக இறங்கி, கவட்டைத் தையலைக் கடந்து, பின்பக்கமாக அதே முனைக்கு. ஜிப்பைப் பூட்டி, மேஜையில் இழுக்காமல் விரித்து, முன்பாகத்தையும் பின்பாகத்தையும் தனித்தனியே அளந்து கூட்டு. ஒன்றை அளந்து இரண்டால் பெருக்காதே, பின்பாகம் பெரும்பாலும் நீளமாக இருக்கும். வாங்குபவர் தன் உடம்பில் இதே வழியில் டேப் போட்டு 60 அங்குலம் வந்தால், நீட்சியில்லாத துணியில் உடையின் சுற்று 62க்குக் குறையக் கூடாது. குறைந்தால் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. உட்கார்ந்ததும் முதுகுப்பக்கம் இழுபட்டு, நான்கு தையல் கூடும் இடத்தில் டர்ரென்று விடும். இடுப்புத் தையலைப் பிரித்துப் பட்டை சேர்ப்பதைத் தவிர அதற்கு மாற்று இல்லை. கால் நீளத்தை மட்டும் கூட்டலாம். அடிமடிப்புக்குள் எத்தனை அங்குலம் துணி இருக்கிறது என்று எழுது, பிரித்தால் பழைய மடிப்புக் கோடு தெரியும் என்பதையும் சேர்த்து.

எந்தக் காலத்து உடை என்று போடுவதற்கு முன்னால், பக்கவாட்டுத் தையலின் உள்ளே பார். அமெரிக்கப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் சீட்டு சிவப்பு, வெள்ளை, நீலத்தில் இருந்தால் 1974க்குப் பிறகு. அந்தச் சங்கம் 1995இல் இன்னொன்றோடு இணைந்துவிட்டது, அதனால் அதற்குப் பிந்தியதாக இருக்காது. துவைக்கும் முறைச் சீட்டு அமெரிக்காவில் கட்டாயமானது 1972இல். அது இல்லையென்பதற்காக 72க்கு முந்தியது என்று அடித்துச் சொல்லாதே, கழுத்தில் குத்துகிறதென்று வெட்டி எறிந்தவர்கள் ஏராளம். சீட்டில் 'கியானா' என்று இருந்தால் தலைப்பிலேயே போடு. டூபாண்ட் நிறுவனம் 1968இல் கொண்டுவந்த, பட்டுபோல் விழும் நைலான் அது. தேடி வாங்குகிற கூட்டம் இருக்கிறது.

லைனிங்கின் தையல் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார். புளிக்காடி நெடி அடித்தால் அசிடேட் என்னும் செயற்கைப் பட்டு. நகப்பூச்சு நீக்கும் திரவம் ஒரு சொட்டுப் பட்டாலும் கரைந்து ஓட்டையாகிவிடும், கறை நீக்கவென்று அந்தத் திரவத்தைத் துணிப்பக்கம் கொண்டுபோகாதே. உருகிக் கெட்டி மணியானால் பாலியஸ்டர் அல்லது நைலான்.

அக்குளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். துணி விறைத்து வெளுத்திருந்தால் அது போகாது, படம் எடுத்துப் போட்டுவிடு. உலோக ஜிப் சிக்கினால் பென்சில் முனையை ஜிப்பின் பல்லில் தேய்த்தால் போதும். லூரெக்ஸ் மேல் சூடான இஸ்திரி வைத்தால் இழை சுருங்கிவிடும்.

இப்போதே ஹேங்கரிலிருந்து எடுத்துவிடு. பின்னல் துணி தன் கனத்திலேயே தொங்கி நீண்டு, நீ அளக்கும் அளவையே பொய்யாக்கும். டிஷ்யூ காகிதம் வைத்து மடித்து ஒரு நாள் விட்டு அளந்து, நெடுஞ்சுற்றை மட்டும் முதலில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
மீனா