500 தொங்கல், 16,000 ரூபாய்: நம் கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த பங்குமக்களே, ஊர்ப் பெரியோர்களே, ஆச்சிமாரே,

ஆவணி வெயில் காயும்போதே கிறிஸ்துமஸுக்கு நன்கொடை கேட்டு வருகிறோம். காரணம், பனை ஓலை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நம் பக்கத்தில் ஓலையை உலர்த்த முடியாது. ஈரம் முழுதாகப் போகாத ஓலையில் நான்கே நாளில் கரும்புள்ளி விழும். அந்தப் பூசணத்தைத் துடைத்தாலும் போகாது, சாயம் போட்டாலும் மறையாது. எனவே புரட்டாசி முடிவதற்குள் ஓலை வெட்டி, காய்ந்து, கட்டி வைத்தாக வேண்டும். மற்ற வேலைகளை மழை நாளில் மண்டபத்துக்குள் உட்கார்ந்தே செய்துகொள்ளலாம்.

இந்த ஆண்டு கோயில் மரத்துக்கும், கிளைக்கிராமக் கோயில்களின் மரங்களுக்கும், முதியோர் இல்லத்துக்குமாகச் சேர்த்து 500 தொங்கல்களைக் கையாலேயே செய்வதென்று குழு முடிவெடுத்திருக்கிறது. ஓலை நட்சத்திரம் 200, சிரட்டை மணி 120, சுட்ட மண் வில்லை 100, கண்டாங்கித் துணி உருண்டை 80. கடையில் வாங்கும் பளபளப்பு உருண்டை ஒரு வருடத்தில் தோல் உரிந்து குப்பைக்குப் போகிறது. இவை நாலைந்து கிறிஸ்துமஸுக்கு நிற்கும். பழுதானாலும் பாதிக்கு மேல் மண்ணோடு மண்ணாகிவிடும்.

முதலில் ஓலை. பத்துக் குருத்தோலை வேண்டும். கணக்கு இதுதான்: ஒரு குருத்தை விரித்தால் அறுபது கீற்றாவது தேறும். நடு ஈர்க்கை உரித்தால் ஒரு கீற்றில் இரண்டு நாடா. ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு நாடா. ஆக ஒரு குருத்தில் முப்பது நட்சத்திரம் வர வேண்டும். ஆனால் நுனி குறுகலாக இருப்பதும், மடிக்கும்போது விரிசல் விடுவதும் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும், இருபதுதான் மிஞ்சும். தோட்டத்தில் வடலி (இளம்பனை) வைத்திருப்பவர்கள் மரத்துக்கு ஒரு குருத்து மட்டும் கொடுங்கள். ஒரே மரத்தில் இரண்டு மூன்று என்று எடுத்தால் மரம் சோர்ந்துபோகும். அப்படி வெட்டிய ஓலை எங்களுக்கு வேண்டாம். ஏறி வெட்டுபவருக்குக் கூலியை நாங்களே கொடுத்துவிடுகிறோம்.

வெட்டிய குருத்தை விரித்து நல்ல வெயிலில் நான்கு நாள் போட வேண்டும். பச்சை வாடை போய், வெளிறிய வெண்ணெய் நிறம் வந்து, கையில் எடுத்தால் சலசலவென்று ஒலிக்க வேண்டும். அதுவே பதம். காய்ந்ததைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள், உள்ளே வேர்த்துப்போகும். செய்தித்தாளில் சுற்றி, நடுவில் காய்ந்த வேப்பிலை வைத்து, பரணில் ஏற்றிவிடுங்கள்.

பின்னுவதற்கு நாடா ஒன்றரை சென்டிமீட்டர் அகலம், நாற்பத்தைந்து சென்டிமீட்டர் நீளம். அகலத்தைப் போல முப்பது மடங்கு நீளம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். அதைவிடக் குட்டையானால் கடைசி முனைகளை மடிக்க நாடா பற்றாது. காய்ந்த ஓலையைக் குறுக்கே மடித்தால் சட்டென்று உடையும். தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பிவிடும். உப்பிய ஓலையில் பின்னிய நட்சத்திரம் மறுநாள் காய்ந்து சுருங்கும்போது பின்னல் தளர்ந்து, தூக்கினாலே கழன்று விழும். ஆகவே முந்தின இரவு ஈரத்துணியில் சுற்றி வைப்பதே சரி. நான்கு நாடாவையும் இரண்டாக மடித்து, நடுவில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி ஒரு சதுரமாக்கி, நான்கு பக்கமும் சமமாக இழுத்து இறுக்க வேண்டும். நாடா முனைகளைச் சாய்வாக நறுக்கினால்தான் மடிப்புக்குள் வழுக்கிக்கொண்டு போகும். இத்தனை வேலையிலும் அந்த நடுச் சதுரம்தான் உயிர். அது இறுகாவிட்டால் பதினாறு முனையும் கோணும்.

இங்கேதான் ஆச்சிமாரிடம் ஒரு தனி வேண்டுகோள். பனை ஓலையில் பின்னும் கூடையான செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதைப் பின்னும் விரல்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கின்றன. பணம் தர வேண்டாம், ஆச்சி. ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மண்டபத்துக்கு வந்து, பிள்ளைகளுக்கு இறுக்கம் எவ்வளவு என்று கையைப் பிடித்துக் காட்டுங்கள். சொல்லிப் புரிய வைக்கும் காரியம் இல்லை அது. சாயம் ஏற்றும் பக்குவமும் உங்களுக்குத்தான் தெரியும்: கொதிக்கும் சாயத் தண்ணீரில் ஓலைக் கட்டைத் தளர்வாகப் போட வேண்டும், இறுக்கிக் கட்டினால் கட்டுப்பட்ட இடம் வெள்ளையாக நின்றுவிடும், எடுத்ததை நிழலில்தான் உலர்த்த வேண்டும். மஞ்சளில் சாயம் போடலாமே என்று சிலர் கேட்டார்கள். முதல் நாள் அழகாகத்தான் இருக்கும், வெளிச்சம் பட்ட ஒரு வாரத்தில் வெளுத்துவிடும். அதனால் கொட்டானுக்கு வாங்கும் சாயப்பொடியையே வாங்குகிறோம், சிவப்பும் பச்சையும் மட்டும். நட்சத்திரங்களில் பாதியைச் சாயம் இல்லாமல் ஓலை நிறத்திலேயே விடுகிறோம்.

உரித்த ஈர்க்கையும் குப்பையில் போடமாட்டோம். வாசலில் தொங்கும் ஐந்து முனை நட்சத்திரத்துக்கு அதுவே சட்டம்.

சிரட்டையில் எங்களுக்கு வேண்டியது மூன்று கண் உள்ள பாதி. மூன்றில் ஒரு கண் மெத்தென்று இருக்கும், ஆணியால் குத்தினாலே திறந்துகொள்ளும். துளைபோடும் கருவி தேவையில்லை. சணல் கயிற்றை அதன் வழியே இறக்கி, உள்ளே ஒரு தைலமரக்காயைக் கட்டினால் மணிக்கு நாக்கு ஆயிற்று. கொடுக்கும்போது உள்ளே தேங்காய்ப் பருப்பு ஒட்டியிருக்கக் கூடாது. ஒட்டியிருந்தால் எறும்பும் பூசணமும் சேர்ந்து வரும். சுரண்டி, கழுவி, வெயிலில் வைத்துத் தாருங்கள். மேல் நாரைப் போக்கி உப்புத்தாளால் தேய்ப்பதை இளைஞர்கள் பார்த்துக்கொள்வார்கள்: முதலில் 80 எண், பிறகு 220. கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் சிரட்டை கறுத்து மின்னும். வார்னிஷ் தேவைப்படாது.

மைதாவும் உப்பும் பிசைந்து உருவம் செய்யும் முறை பலருக்கும் தெரியும். இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர். செலவு குறைவுதான். ஆனால் கார்த்திகை, மார்கழி ஈரக்காற்றில் உப்பு தண்ணீரை இழுக்கும். வில்லை வேர்த்து, கொழகொழத்து, கயிற்றுத் துளை கிழிந்து கீழே விழும். எனவே நாங்கள் மண்ணுக்குப் போகிறோம். மானாமதுரை மண்ணில் ஆறு மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டி, டம்ளர் வாயால் வட்டமாக வெட்டி, ஆத்தங்குடித் தரைக்கல்லில் உள்ள பூவைப் போல ஈர்க்கால் கீறுவோம். துளையைச் சற்றுப் பெரிதாகவே போட வேண்டும், காயும்போதும் சுடும்போதும் மண் பத்தில் ஒரு பங்கு சுருங்கித் துளையும் சிறுத்துவிடும். நிழலில் ஒரு வாரம், தினமும் திருப்பிப் போட்டுக் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முந்திக் காய்ந்து ஓரம் அப்பளம் போல வளையும். உள்ளே ஈரம் இருந்தால் சூளையில் வெடிக்கும். மானாமதுரையில் உள்ள வேளார் (குயவர்) ஒருவரின் சூளையில், பானைகளோடு சேர்த்துச் சுட்டு வாங்குவதாகத் திட்டம்.

துணி உருண்டைக்கு நெசவாளர் வீடுகளில் மிஞ்சும் கண்டாங்கித் துண்டு, அல்லது கிழிந்த பழைய கண்டாங்கி போதும். ஒரு சாண் சதுரமாவது இருக்கட்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. அந்தக் கட்டமும் அரக்குச் சிவப்பும் மரத்தில் தனியாகத் தெரியும். கத்தரியால் வெட்டாமல் இழை வாக்கில் கிழித்துத் தாருங்கள், ஓரத்தில் வரும் பிசிறுதான் அழகு. பாலியஸ்டர் வேண்டாம், கசக்கிய காகித உருண்டையின் மேல் சுற்றினால் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

தச்சுப்பட்டறை வைத்திருப்பவர்கள் இழைப்புளிச் சுருளை ஒரு சாக்கு ஒதுக்கி வையுங்கள். பழைய தேக்குச் சட்டத்தை இழைக்கும்போது வரும் நீளச் சுருள் கிடைத்தால் வானதூதரின் சிறகுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இனிப் பணக் கணக்கு. ஓலை வெட்டுக் கூலி 1,000. சாயம் 600. சணல் உருண்டை 300. ஃபெவிகால் 350, மைதாப் பசையைக் கரப்பான் அரிக்கும், அதைத் தடுக்க மயில்துத்தம் கலந்தால் குழந்தைகள் கைவைக்கும் பொருளில் விஷம், ஆகையால் பசையை விலைக்குத்தான் வாங்க வேண்டும். உப்புத்தாள் 450. மண்ணும் சூளையும் போக்குவரத்தும் 2,500. வண்ணமும் தூரிகையும் 1,800. இதுவரை 7,000, அதாவது ஒரு தொங்கலுக்குப் பதினான்கு ரூபாய். இதற்கு மேல் சவுக்கு மரமும் மூங்கில் தாங்கியும் 3,000, எல்இடி சரவிளக்கு 2,000, எட்டுச் சனிக்கிழமைக்குத் தேநீரும் சுண்டலும் 4,000. மொத்தம் 16,000 ரூபாய். 160 குடும்பங்கள் நூறு நூறு ரூபாய் தந்தால் முடிந்துவிடும்.

சரவிளக்குச் செலவை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் கிடக்கும் பழைய சீரியல் பல்பு சூடேறும். காய்ந்த ஓலையும் காய்ந்த சவுக்கும் தீப்பிடிக்க நொடி போதும். அதே காரணத்தால் மரத்தருகே மெழுகுவர்த்தி கிடையாது. குடிலின் முன் ஐந்தடி தள்ளி மணல் தட்டு வைக்கிறோம், அதில் ஏற்றலாம்.

பணத்தை ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்து மேசையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவும் செலவும் ஜனவரி முதல் ஞாயிறு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். சிரட்டை, துணி, சுருள் எல்லாம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் மண்டபத்துக்குக் கொண்டு வரலாம். குருத்து வெட்டுவதானால் முதல் நாளே சொல்லி அனுப்புங்கள், பச்சை வாடும் முன் நாங்களே வண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிறிஸ்துமஸ் குடில், மர அலங்காரக் குழு