செல்போன் ரூல்ஸ் பேப்பர்ல நான் இன்னும் கையெழுத்து போடலைங்க

ஹெச்.எம் மேடத்துக்கும், கரெஸ்பாண்டன்ட் சாருக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்துல இருக்கிற எல்லாருக்கும் வணக்கமுங்க. என் பையன் உங்க ஸ்கூல்ல எட்டாவது, பொண்ணு அஞ்சாவது. நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் பாக்கிறேன்.

போன வாரம் ரெண்டு பேர் பையிலயும் ஒரு பேப்பர் வந்துச்சு, தொழில்நுட்பத்தை மாணவர்கள் பொறுப்பா பயன்படுத்துறதுக்கான விதிமுறைன்னு, பூரா இங்கிலீஷ்ல, 14 பாயிண்ட். பையனை பக்கத்துல உக்கார வச்சு படிச்சு சொல்லச் சொன்னேன், அவனுக்கே பாதி வார்த்தை புரியல, ஆனா கீழ கையெழுத்து மட்டும் எனக்கு முன்னாடியே போட்டு வச்சிருந்தான். கேட்டா "மிஸ் போடச் சொன்னாங்கம்மா"ங்கிறான்.

ரூல்ஸ் வேண்டாம்னு நான் சொல்ல வரலைங்க. கிளாஸ்ல போன் எடுக்கக்கூடாது, யாரையும் கேக்காம போட்டோ எடுக்கக்கூடாது, பாஸ்வேர்டை ஃப்ரெண்டுக்கு சொல்லக்கூடாது, எல்லாம் கரெக்ட்டுதான். ஆனா 14 பாயிண்ட்லயும் புள்ளைங்க என்ன செய்யக்கூடாதுன்னுதான் இருக்கு, ஸ்கூல் என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு ஒரு வரி கூட இல்ல. என் மனசுல உறுத்துறது அதுதான்.

எங்க வீட்டுல ராத்திரி என்ன நடக்குதுன்னு சொல்றேன். ஓவர்டைம் முடிச்சு நான் வர எட்டரை ஆயிரும். பையன் வாசப்படியிலயே நிப்பான், எனக்காக இல்ல, போனுக்காக. ஏன்னா ஹோம்வொர்க் டைரில வர்றதில்ல, கிளாஸ் குரூப்ல வருது. குரூப்பை திறந்தா அறுவது எழுவது மெசேஜ் நிக்கும், காலைல போட்ட ரோஜாப்பூ குட்மார்னிங், அதுக்கு கீழ "ஓகே மிஸ்" "தேங்க்யூ மிஸ்"னு வரிசையா முப்பது, நடுவுல யாரோ ஒருத்தர் ஃபார்வேர்ட் பண்ணுன வீடியோ, எல்லாத்தையும் தள்ளி தள்ளி போனா கரும்பலகையை சாய்வா எடுத்த ஒரு போட்டோ. அதை ரெண்டு விரல்ல பெருசாக்கி அது மூணா எட்டான்னு நானும் அவனும் பாத்துட்டு இருப்போம். கணக்கு போட பத்து நிமிஷம், கணக்கை தேட இருவது நிமிஷம். அதுக்குள்ள அந்த வீடியோவை தொட்டுட்டான்னா அடுத்தது தன்னால ஓடும், நான் அடுப்படில இருந்து கத்துனாத்தான் கணக்குக்கு திரும்புவான். உங்க பேப்பர்ல ஆறாவது பாயிண்ட், இரவு எட்டு மணிக்கு மேல செல்போன் பார்க்கக்கூடாதுன்னு. படிச்சப்ப சிரிப்புதான் வந்துச்சு.

2020ல லாக்டவுன்ல இவன் மூணாவது. எங்க வீட்டுல அப்ப பட்டன் போன்தான், ஆன்லைன் கிளாஸுக்கு பெரிய போன் கண்டிப்பா வேணும்னு சொன்னதால வேலையும் இல்லாத அந்த நேரத்துல இஎம்ஐ போட்டு வாங்குனது. அன்னைக்கு அதுக்கு காரணம் இருந்துச்சு, ஒத்துக்கிறேன். ஸ்கூல் திறந்து இத்தனை வருஷம் ஆகியும் டைரி ஏன் திரும்பி வரலைன்னுதான் கேக்கிறேன்.

அஞ்சாவது படிக்கிற பொண்ணு கதை இன்னும் வேடிக்கை. 13 வயசுக்கு கீழ இருக்கிறவங்க வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம்ல இருக்கக்கூடாதுன்னு ஒரு பாயிண்ட், அந்த கம்பெனிக்காரங்களே வச்சிருக்கிற வயசுதான் அது. ஆனா திருக்குறள் ஒப்பிச்சு வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்றதும் அதே வாட்ஸ்அப்லதானுங்க. நம்பர் என்னுது, ஆனா கை அவளுது. ஹோம்வொர்க்குக்கு சாட்ஜிபிடி பாக்கக்கூடாதுன்னும் இருக்கு, நல்லதுதான், ஆனா போன மாசம் அவளுக்கு வந்த ஒர்க்‌ஷீட்ல மேல முதல் வரியே "நிச்சயமாக! ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்கான 10 கேள்விகள் இதோ"ன்னு, சாட்ஜிபிடி பதில் சொல்ற மாதிரியே இருந்துச்சு. மிஸ்ஸுக்கு எத்தனை வேலைன்னு எனக்கு தெரியும், குத்தம் சொல்லலை, ஆனா ரூல் ரெண்டு பக்கமும் இருக்கணுமில்ல?

இப்ப அந்த ஸ்டிக்கர் விஷயம். ஆண்டு விழாவுல ஔவையார் வேஷம் போட்ட பையன் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி கிண்டல் பண்ணி, அவன் ஒரு வாரம் ஸ்கூலுக்கே வரல, பண்ணுன மூணு பேரை நீங்க சஸ்பெண்ட் பண்ணுனீங்க. பண்ணுனது தப்புதான், என் பையன் பண்ணியிருந்தாலும் இதையேதான் சொல்லுவேன். ஆனா அந்த போட்டோ அவனுங்க எடுத்தது இல்ல, நம்ம ஸ்கூல் ஃபேஸ்புக் பக்கத்துல பேரு, கிளாஸ், செக்‌ஷனோட போட்டிருந்தது. யாரு வேணா எடுக்கலாம், எடுத்தாங்க. போடுறதுக்கு முன்னாடி அவங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசு வரைக்கும் குழந்தைதான், குழந்தையோட விவரத்தை டிஜிட்டல்ல கையாள பெத்தவங்க சம்மதம் வாங்கணும்னு எழுதியிருக்கு. அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வெளியாகி படிப்படியா அமலுக்கு வருது. சட்டம் முழுசா வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு இல்லைங்களே.

போன் பிடிபட்டா வருஷக் கடைசி வரைக்கும் திருப்பி தரமாட்டோம்ங்கிறதும் சரியா படலை. பெருமாநல்லூர் பக்கமிருந்து டவுன் பஸ்ல வர்ற பத்தாவது பொண்ணுங்க ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு கிளம்ப ஆறரை ஆகுது, பஸ் வரலைன்னா வீட்டுக்கு எப்படி சொல்லும்? டெல்லி ஹைகோர்ட் 2025ல ஒரு வழக்குல, ஸ்கூலுக்கு போனே கொண்டு வரக்கூடாதுன்னு மொத்தமா தடை போடுறது சரியான வழி இல்ல, முடிஞ்ச இடத்துல காலைல வாங்கி வச்சுட்டு சாயங்காலம் கொடுக்கலாம், கிளாஸ்ல மட்டும் கூடாது, ரூல்ஸை பெத்தவங்க, டீச்சருங்க எல்லார்கிட்டயும் கலந்து போடுங்கன்னு சொல்லியிருக்கு. நம்மூருக்கு அந்த தீர்ப்பு கட்டாயம் இல்லாம இருக்கலாம், யோசனை நல்ல யோசனைதானே. எங்க கம்பெனிலயே கேட்ல டோக்கன் போட்டு போனை வாங்கி வச்சு, சாயங்காலம் டோக்கனை காட்டுனா கொடுத்துருவாங்க. இருநூறு பேருக்கு வாட்ச்மேன் ஒருத்தர்தான் பாக்கிறாரு.

இன்னொண்ணு, இதை விட முக்கியம். தண்டனை நாலு பாயிண்ட்ல இருக்கு, யாராவது மிரட்டுனா யாருகிட்ட சொல்லணும்னு எங்கயும் இல்ல. ஒரு பொண்ணோட போட்டோவை வச்சுக்கிட்டு எவனாவது மிரட்டுறான்னு வைங்க, இந்த பேப்பரை படிச்ச புள்ள வாயே திறக்காது, முதல்ல நம்ம போனைத்தான் பிடுங்குவாங்கன்னு பயந்துக்கும். சொல்ற புள்ளைக்கு தண்டனை கிடையாதுன்னு தமிழ்ல பெருசா போடுங்க, குழந்தைங்க உதவிக்கு 1098, சைபர் கிரைமுக்கு 1930, ரெண்டு நம்பரும் டைரி அட்டைலயே அச்சடிங்க. எந்த மிஸ்கிட்ட போய் சொல்லலாம்னு பேரும் போட்டுருங்க.

ஹோம்வொர்க் டைரில, போட்டோவுக்கு முன்கூட்டியே சம்மதம், போனுக்கு டோக்கன், இந்த மூணும் ஸ்கூல் பக்கத்து ரூலா சேத்து தமிழ்ல ஒரு பேப்பர் கொடுங்க, அன்னைக்கே கையெழுத்து போட்டுத் தர்றேன். வீட்டுப் பக்கம் நாங்களும் எழுதித் தர்றோம், சாப்பிடும்போது நானும் போன் பாக்கிறதில்லைன்னு (பொண்ணு இதை முதல்ல எழுதச் சொல்றா).

சனிக்கிழமை மீட்டிங்குக்கு அரை நாள் லீவு சொல்லிட்டேன், மதியம் ரெண்டு மணிக்கு மேல வந்துருவேன். நேரம் மாத்துனீங்கன்னா குரூப்ல போடாதீங்க, டைரில எழுதி விடுங்க, கம்பெனில இருக்கிறப்ப போன் என் கைல இருக்காது.