செயலாளரின் ஆண்டறிக்கை: தூரம், சன்னம், சந்தா

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அன்பான அங்கத்தவர்களே,

மெல்பேர்ணில் இயங்கும் நமது வேட்டையாளர் சங்கத்தின் கடந்த ஓராண்டு அறிக்கையைச் சபை முன் வைக்கிறேன்.

நிர்வாகக் குழு ஒழுங்காகக் கூடியது. துவக்குப் பாதுகாப்பு வகுப்பு, பொங்கல் ஒன்றுகூடல், டார்கோ மலைப்பக்கப் பயணம் மூன்றும் குறைவில்லாமல் நடந்தன. பயணத்தில் ஒருவருக்கும் காயமில்லை. வருடாந்த விருந்துக்கு மண்டபம் நிறையச் சனம் வந்தது. மரை என்ற பெரிய மானின் இறைச்சிக் கறி போதாமல் போனது.

இனி, இந்த ஆண்டு நான் பொறுப்பெடுத்துச் செய்த வேலைக்கு வருகிறேன். துவக்கிலிருந்து பறக்கும் சன்னத்தின் (குண்டின்) வேகத்தை அளக்கும் கிரோனோகிராப் என்ற வேகமானியைச் சங்கக் காசில் வாங்கியதைப் பற்றிச் சிலர் வெளியில் குறை கதைப்பதாக அறிந்தேன். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நமது அங்கத்தவர்களில் பலர் கடைசி இரண்டு மூன்று வருடங்களில் தூரச் சூட்டில் ஆசை வைத்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் ஒரு கரையிலிருந்து மறு கரையில் மேயும் மரையைப் பார்த்துச் சுடும் இடங்கள் ஜேமிசன், லிக்கோலாப் பக்கம் நிறைய உண்டு. ஆசை பிழையில்லை. ஆனால் விலை கூடிய துவக்கும், குறிபார்க்கும் தொலைநோக்கியான பெரிய ஸ்கோப்பும் வாங்கினால் தூரமும் சேர்ந்து வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் பிழை. எவ்வளவு தூரம் சுடலாம் என்பதை முடிவு செய்வது சன்னம், அது போய்ச் சேரும்போது மிஞ்சியிருக்கும் வேகம், சுடுகிறவருடைய பழக்கம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சூட்டுத் திடலில் வேகமானியை வைத்து அளந்தபோது ஒரு தம்பியின் .308 அங்குல விட்டத் துவக்கு எல்லோருக்கும் பாடமானது. ரவைப் பெட்டியில் 165 கிரெயின் (சன்னத்தின் நிறை அளவு) சன்னத்துக்குச் செக்கனுக்கு 820 மீற்றர் என்று போட்டிருந்தது. அந்தக் கணக்கு 24 அங்குலக் குழலுக்கு உரியது. அவருடையது காட்டுக்குள் சுலபமாகக் கொண்டு திரிய வாங்கின 18 அங்குலக் குழல். வேகமானி 780ஐத் தாண்டவில்லை. அவர் பாவிக்கும் செம்புச் சன்னம் மரையில் பட்டு ஒழுங்காக விரிய 610 அளவாவது வேகம் வேண்டும். ஆகவே அவர் நம்பியிருந்த எல்லை ஏறத்தாழ 60 மீற்றர் சுருங்கிவிட்டது. அளக்காமல் போயிருந்தால் எல்லையின் அந்தக் கடைசி 60 மீற்றருக்குள் நின்ற மரை காயத்தோடு ஓடிப் புதருக்குள் கிடந்து செத்திருக்கும். அதைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

அதே நாளில், தூரம் போகப் போகச் சன்னம் எவ்வளவு கீழே இறங்கும் என்ற இறக்க அட்டவணையும் எழுதினோம். 200 மீற்றரில் பூச்சியம் வைத்த (அதாவது குறி வைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்த) .308 சன்னம் 300இல் ஒரு சாணுக்கு மேல் இறங்கும். 400இல் முக்கால் மீற்றர் அளவு இறங்கும். மணிக்கு 15 கிலோமீற்றர் குறுக்குக் காற்று 300 மீற்றரில் கிட்டத்தட்ட ஒரு சாண் பக்கம் தள்ளும். இறக்கத்தை ஸ்கோப்பில் திருப்பிச் சரிசெய்யலாம். பள்ளத்தாக்கின் நடுவில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைச் சொல்லும் திருகு எந்த ஸ்கோப்பிலும் இல்லை.

சன்னத் தெரிவு பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். ஈயத்தின் மேல் மெல்லிய செம்பு உறை போட்ட சாதாரண சன்னம் குறைந்த வேகத்திலும் விரியும்; விலையும் குறைவு. ஆனால் கிட்டத்தில், அதுவும் தோள் எலும்பில் பட்டால், சிதறிவிடும். 200 கிலோவுக்கு மேற்பட்ட ஆண் மரைக்கு அது பத்தாது. உறையும் ஈயமும் ஒட்டிய சன்னம் நடுத்தரமான நல்ல வழி. முழுச் செம்புச் சன்னம் ஆழமாகப் போகும், ஆனால் வேகம் கேட்கும். டார்கோவில் ஒரு மரையின் மறுபக்கத் தோலுக்கு அடியில் சிக்கியிருந்த செம்புச் சன்னத்தை எடுத்துக் கழுவிப் பார்த்தோம்: நுனி நாலு இதழாகப் பின்னுக்கு மடிந்திருந்தது. சமையலறைத் தராசில் வைத்தால் நிறை குறைந்ததாகவே தெரியவில்லை.

இறைச்சியை வீட்டில் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2008இல் அமெரிக்காவின் வட டக்கோட்டாவில், உணவு வங்கிகளுக்கு வேட்டைக்காரர்கள் கொடுத்த மான் இறைச்சியில் ஈயத் துணுக்குகள் கண்டுபிடிக்கப்பட்டு, அதை ஒதுக்கச் சொன்னார்கள். என் தெளிவான அபிப்பிராயம்: நமது அங்கத்தவர்கள் செம்பு அல்லது ஒட்டிய சன்னம் பாவித்து, 250 மீற்றருக்குள் சுட்டால் போதும். அதற்கு மேல் ஆசைப்படுகிறவர் முதலில் திடலில், மேசையில்லாமல், படுத்தும் இருந்தும் சுட்டுக் காட்டட்டும்.

இன்னொன்று. நான் லைசென்ஸ் எடுத்த காலத்தில் விக்டோரியாவில் மரைக்கு .270 அங்குல விட்டமும் 130 கிரெயின் நிறையும் ஆகக் குறைந்த அளவு. 6.5 கிரீட்மோர் நல்ல ரவைதான், ஆனால் விட்டம் குறைவென்பதால் அன்று அந்த அளவுக்குள் வரவில்லை. கடைக்காரர் சொன்னார், யூடியூப்பில் பார்த்தேன் என்று வாங்கிவிட்டு என்னிடம் வராதீர்கள். விதிகள் மாறக்கூடியவை. காசு கட்ட முன்னம் நடப்பு விதியை நீங்களே வாசியுங்கள்.

இவ்வளவு பயனுள்ள அந்தத் திடல் நாளுக்கு வந்தவர்கள் ஒரு வான் வண்டியில் ஏறக்கூடிய ஆட்கள்தான். விருந்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வந்திருந்தாலே திடல் வாடகை தலைக்குப் பாதியாகியிருக்கும். வேலை, பிள்ளைகளின் வகுப்பு, கோயில் திருவிழா என்று காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு முன்பே திகதி அறிவித்து, வட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப நினைவூட்டியும் வருவோம், வரமாட்டோம் என்று ஒரு வரி போடாதது மனவருத்தம்.

சந்தா விடயம் அதைவிடக் கவலை. துவக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும் மாதம் வந்தால், துவக்கு வைத்திருக்கத் தகுந்த காரணம் காட்ட அங்கத்துவக் கடிதம் வேண்டுமென்று இரவு பத்து மணிக்கும் அழைப்பு வருகிறது. கடிதம் கிடைத்த பிறகு அடுத்த புதுப்பிப்பு வரை ஆளைக் காணவில்லை. இனிமேல் நிலுவை கட்டி முடிக்காதவருக்குக் கடிதம் கொடுக்க என்னால் முடியாது. அண்ணை தம்பி என்ற உறவு வேறு, இது சட்டப்படியான ஆவணம்.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவு போன ஆண்டளவுதான். செலவு வேகமானியாலும் திடல் வாடகையாலும் கொஞ்சம் கூடியது. கையிருப்பு சற்றுக் குறைந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர், கணக்காய்வாளர், விருந்தில் சமைத்த அக்காமார், தன் பண்ணையில் எங்களை அனுமதித்த டார்கோ விவசாயி அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு திடல் நாளை இரண்டாக்கக் குழு விரும்புகிறது. வேகமானியைக் கொண்டுபோய், பொருத்தி, அளவுகளைக் கொப்பியில் பதிந்து, பற்றரி மாற்றி வைக்க இளையவர்களில் இருவர் வேண்டும். இதுவரை எல்லாவற்றையும் என் காரில்தான் ஏற்றி இறக்குகிறேன். வீட்டில் இதைப் பற்றிக் கேள்வி வரத் தொடங்கியிருக்கிறது. அந்த இருவரும் இன்றைய கூட்டத்தில் பெயர் தந்தால் நான் இந்தப் பதவியில் தொடரத் தயார். இல்லையென்றால் சபை வேறு ஏற்பாட்டைப் பற்றியும் யோசிக்க வேண்டிவரும். நிலுவைச் சந்தாவை யூன் 30க்கு முன் வங்கியில் போட்டு, பெயரைக் குறிப்பில் மறக்காமல் எழுதவும்.

இப்படிக்கு,
செயலாளர்