புது டார்ஜான்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய படம் ஒன்று பார்த்தேன். 'டார்ஜான்ஸ் மேஜிக் ஃபவுண்டன்', 1949-ல் வந்தது, கறுப்பு வெள்ளை. காட்டுக்குள் இளமை தரும் ஊற்று, அதற்கு அலைகிற பேராசைக்காரர்கள், வழக்கமான கதைதான். விஷயம் அதுவல்ல. டார்ஜான் என்றால் நம் வீட்டில் வைஸ்முல்லர்தானே? ஒலிம்பிக் நீச்சலில் ஐந்து தங்கம் வாங்கிவிட்டு வந்த மனிதர், 1932-லிருந்து 1948 வரை பன்னிரண்டு படம் நடித்தார். இதில் அவர் இல்லை. லெக்ஸ் பார்க்கர் என்று ஒரு புது ஆள். நல்ல உயரம், உலகப் போரில் மேஜராக இருந்தவராம். இருந்தால் என்ன, எனக்கு ஒட்டவே இல்லை. நடை சரியில்லை, முடி இவ்வளவு படிய வாரியிருக்கக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அம்மா எழுந்து வந்து, "யாரைத் திட்டுறீங்க?" என்றாள்.

டார்ஜான் மனைவி ஜேன் மட்டும் பழைய ஜேன். பிரெண்டா ஜாய்ஸ். வைஸ்முல்லரோடு நான்கு படம் நடித்தவள், புது ஆளோடும் துளி தயக்கம் இல்லாமல் இருக்கிறாள். அவளைப் பார்த்துப் பார்த்து, பாதிப் படத்துக்குமேல் எனக்கும் அந்த ஆள் பழகிவிட்டார். அப்புறம் ஒரு வேடிக்கை. 1918-ல் மௌனப் படத்தில் டார்ஜானாக நடித்த எல்மோ லிங்கன், இதில் மீனவராக வந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். பெயர்கூடப் போடவில்லை. வயசானவனுக்கு அது மோசமான இடமில்லை.

ஒன்றுதான் உறுத்தியது. முன்பெல்லாம் கூடவே வருவானே, டார்ஜானும் ஜேனும் எடுத்து வளர்த்த அந்தப் பையன், அவனைக் காணோம். முந்தின படத்திலேயே இங்கிலாந்துக்குப் படிக்கப் போய்விட்டான் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். புது டார்ஜான் படத்தில் அவன் வரவே இல்லை. சினிமாக்காரர்களுக்கு அது சுலபம்.

நம் பையன் எப்படி இருக்கிறான்? ராத்திரி தனியாகத் தூங்குகிறானா? ஹாஸ்டல் அது இது என்று யார் யோசனை சொன்னாலும் கேட்காதே. யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். நீ இத்தனை வருஷம் ஒற்றை ஆளாக அவனை வளர்த்தது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஆனால் போன் செய்தால் "நல்லா இருக்கேன்ப்பா" என்று இரண்டே வார்த்தையில் வைத்துவிடுகிறாய். அப்பாவிடம் சொல்லக் கூடாதது என்ன இருக்கிறது? சரி, விடு. பையனைப் பார்த்துக்கொள். ஹாஸ்டல் வேண்டாம்.

நீ அனுப்பிய பிறந்தநாள் போட்டோவை அம்மா பெரிதுபண்ணிப் பார்த்தாள். பையன் தோளில் ஒரு கை இருக்கிறது, கைக்கடிகாரம்வரை தெரிகிறது, அதற்குமேல் வெட்டிவிட்டிருக்கிறாய். பையன் அந்தக் கைப்பக்கம் சாய்ந்துதான் சிரிக்கிறான், அதையும் பார்த்தோம். அம்மா உன்னைக் கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

அடுத்த தடவை போட்டோவை வெட்டாமல் அனுப்பு. அவருக்குப் பழைய படமெல்லாம் பிடிக்குமா?

அன்புடன்,
அப்பா