நூறு நாள் வேலைன்னா சும்மா உக்காந்துட்டு வர்றதா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நூறு நாள் வேலைக்காரங்க மரத்தடியில தூங்குறாங்கன்னு பேசுறவங்க சித்திரை வெயில்ல எங்க சிவகங்கை பக்கம் கண்மாய்க்குள்ள இறங்கி ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடிக்கட்டும். 2006ல முதல் கட்டத்துலயே இங்க வந்த திட்டம், ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் ஒரே கூலி, ரேஷன் அரிசியும் சும்மா கிடைக்குது, பட்டினி இல்ல, அதை ஒத்துக்கத்தான் வேணும். ஆனா 15 நாள்ல கூலின்னு சட்டம் சொல்லுது, இங்க மாசக்கணக்குல பாஸ்புக்கை தூக்கிட்டு பேங்க்குக்கு அலையுறாங்க, இதுல தினம் ரெண்டு தடவை செல்போன்ல போட்டோ வேற, டவர் கிடைக்காம பணித்தள பொறுப்பாளர் கரை மேல ஏறி போனை தூக்கி பிடிச்சுட்டு நிக்குது பாவம், போட்டோ ஏறலன்னா அன்னிக்கு வருகையே இல்ல. ரேஷன் கடையில கைரேகை விழாத கிழவிங்க பாடு தனி. மண்ணு வெட்டி தேஞ்ச விரல்ல ரேகைக்கு எங்க போறது?

வாசகர், சிவகங்கை மாவட்டம்