இரண்டாம் படிக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டகலையில் இருந்து எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் தோட்டப் பாடசாலைகளில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மலையகத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் சிங்கள வகுப்புகள் முதல் படியோடு நின்றுவிடுகின்றன என்பதே என் முறைப்பாடு. அதை விளக்குவதற்கு, கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி படித்த கதையையும் நான் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் 2017 இல் நடந்ததைச் சொல்கிறேன். என் கணவருக்குச் சீனி வருத்தம். மழைக்காலத்தில் சப்பாத்து உராய்ந்து வலது காலில் ஒரு புண் வந்தது. வைத்தியசாலையில் மருந்து வைத்துக் கட்டிய தாதி, துண்டில் திகதியை எழுதித் தந்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார்: “இதிமும வெடி வுனொத் எதாம என்ன. நெத்நம் சதி தெககின் என்ன.” நான் விழித்ததைப் பார்த்து இன்னொரு தரமும் சொன்னார். “ஹரி மிஸ், ஹரி” என்று தலையாட்டினேன். எனக்குப் பிடிபட்டவை கடைசிச் சொற்கள்தான். இரண்டு கிழமையில் வாங்க. துண்டில் இருந்த திகதியும் அதுவேதான்.

ஐந்தாம் நாள் கால் வீங்கியது. திகதி வரவில்லையே, முந்திப் போனால் பார்க்கமாட்டார்களே என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருந்தோம். பதினாலாம் நாள் போனபோது நேராக வார்ட்டில் மறித்தார்கள். இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது.

தாதி சொன்னது இதுதான்: வீக்கம் கூடினால் அன்றைக்கே வாங்க, இல்லாவிட்டால் இரண்டு கிழமையில் வாங்க. ‘வுனொத்’ என்ற சொல்லின் வாலில் இருக்கும் ‘ஒத்’ நம்முடைய ‘ஆல்’. ஆவொத் என்றால் வந்தால், கியொத் என்றால் போனால். மூன்று தலைமுறையாகச் சிங்களம் காதில் விழும் ஊரில் இருந்தும், ஆசிரியையாக இருந்தும், எனக்கு அந்த ‘ஒத்’ தெரியாது. விலை கேட்கத் தெரியும், பஸ்ஸை நிறுத்தச் சொல்லத் தெரியும், ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணத் தெரியும். அந்தத் தாதியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கும் ‘வாங்க, உட்காருங்க, காலைக் காட்டுங்க’ என்ற அளவுக்குத் தமிழ் தெரியும். அவருடைய தமிழ் நின்ற இடத்தில்தான் என்னுடைய சிங்களமும் நின்றது. நடுவில் ஒரு ‘ஆல்’ விழுந்துபோனது.

ஏன் தெரியாமல் போனது என்றும் சொல்லவேண்டும். தமிழ்ப் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பில் இருந்து ஒன்பதாம் வகுப்பு வரை இரண்டாம் மொழியாகச் சிங்களம் இருக்கிறது. நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் பல வருடம் அதற்கு ஆசிரியர் வரவில்லை. நேரசூசியில் பாடம் இருக்கும், பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். அந்த நேரத்தை அதிபரிடம் கேட்டு வாங்கிக் கணிதம் செய்வித்தவளே நான்தான். அன்று நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அந்தப் பிள்ளைகளும் இன்று என்னைப் போலவே ஏதாவதொரு கிளினிக்கில் தலையாட்டிக்கொண்டு நிற்பார்கள் என்பதை நினைக்க மனம் பொறுக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஹட்டனில் ஒரு சிங்கள வகுப்பில் சேர்ந்தேன். எழுத்து, எண், நிறம், உறவுமுறை, ‘உங்கள் பெயர் என்ன’. முடிவில் சான்றிதழ் தந்தார்கள். அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டேன். அடுத்த மாதம் தொடங்குகிறது என்றார்கள். ஆசையோடு போய் உட்கார்ந்தால், பலகையில் மறுபடியும் ‘அ’ எழுதினார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அதே வகுப்பு. இரண்டாவது சான்றிதழும் கிடைத்தது. ‘ஒத்’ அதிலும் வரவில்லை.

அதன் பிறகு மகளோடு இருப்பதற்காக நானும் கணவரும் கலிபோர்னியாவின் சலினாஸ் பக்கம் போனோம். வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஸ்ட்ரோபெரித் தோட்டங்கள். விடியற்காலையில் பெண்கள் தலையையும் முகத்தையும் துணியால் சுற்றிக்கொண்டு, நிரை பிடித்துக் குனிந்து பழம் ஆய்வார்கள். பெட்டி நிறைந்ததும் ஓடிக் கொண்டுபோய்க் கணக்கில் பதிவார்கள். நம்முடைய மலையில் கொழுந்து நிறுக்கிற இடம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அவர்களில் அநேகர் மெக்சிகோவில் இருந்து வந்தவர்கள், பேசுவது ஸ்பானிய மொழி. பஸ் தரிப்பிடத்தில் அவர்களோடு நின்று சிரித்துச் சிரித்தே ஒரு வருடம் போனது. பேசவேண்டும் என்று ஆசைப்பட்டேன். மகள் சமூகக் கல்லூரியில் பதிந்துவிட்டாள்.

சமூகக் கல்லூரி என்பது அமெரிக்காவில் அந்தந்த ஊர்க்காரருக்கென்று நடத்தும் இரண்டு வருடக் கல்லூரி. 1901 இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய முறை அது. அங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகலாம். என்னைப் போல ஒரு மொழி மட்டும் படிக்கவும் போகலாம். கலிபோர்னியாவில் ஒரு வருடத்துக்கு மேல் நிரந்தரமாக வசிப்பவருக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டொலர். என் வகுப்பு ஐந்து யூனிட், ஆக 230 டொலர். வாரத்துக்கு ஐந்து மணித்தியாலம். வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பின்னேரத்திலும் வகுப்பு உண்டு.

நான் படித்த இடத்தில் ஸ்பானிஷ் 1, 2, 3, 4 என்று படிகள். முதல் இரண்டும் தொடக்க நிலை, மூன்றும் நாலும் இடைநிலை. இரண்டைச் சித்தியடையாமல் மூன்றுக்குள் விடமாட்டார்கள். மூன்றில் பலகையில் ஒருபோதும் அரிச்சுவடி எழுதமாட்டார்கள். இந்த ஒழுங்குதான் என்னை மிகவும் தொட்டது. முதல் படியில் கற்றதை எல்லாரும் கையில் வைத்திருக்கிறார்கள் என்று நம்பி, ஆசிரியை அதன் மேல் கட்டிக்கொண்டு போவார்.

நம்மவர்களுக்கு ஸ்பானிய மொழி எவ்வளவு நெருக்கம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ‘மெ கூஸ்தா எல் தே’ என்றால் எனக்குத் தேநீர் பிடிக்கும். ‘நான் விரும்புகிறேன்’ என்று ஆங்கிலத்தில் பழகியவர்கள் அந்த ‘எனக்கு’ என்ற இடத்தில் தடுமாறுவார்கள். தமிழில் நாம் பிறந்ததில் இருந்தே அப்படித்தான் சொல்கிறோம். ‘மெ துவெலெ எல் பியே’, எனக்குக் கால் வலிக்கிறது. ‘து’, ‘உஸ்தெத்’ இரண்டும் நமது நீயும் நீங்களும். இரண்டு உயிருக்கு நடுவில் அவர்கள் d என்று எழுதும் ஒலி, ‘பதம்’ என்னும்போது நமக்கு வருகிற மெல்லிய ‘த’. ‘மஞானா’ என்ற சொல்லில் நமது ‘ஞ’ அப்படியே இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் எல்லாரையும் பயமுறுத்துகிற பாடம் ஒன்று உண்டு. விருப்பம், சந்தேகம், வேண்டுதல் வரும்போது வினைச்சொல் உருமாறும். ‘வியெனெ’ என்றால் வருகிறார். ‘கெ வெங்கா’ என்றால் வரட்டும். ஆசிரியை அரை மணித்தியாலம் விளக்கினார். நான் கொப்பியின் ஓரத்தில் தமிழில் ‘வரட்டும்’ என்று ஒரு சொல் எழுதினேன், விளங்கிவிட்டது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஆசிரியை பலகையில் ‘சி’ என்று எழுதினார். ஸ்பானிய மொழியில் ‘ஆல்’ என்பதற்கு வினைச்சொல்லுக்கு முன்னால் போடும் சொல் அது. மழை பெய்தால் போகமாட்டேன், பஸ் வந்தால் ஏறுவேன் என்று ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. ‘கால் வீங்கினால் அன்றைக்கே வாங்க’ என்று எழுதினேன். பிழையாகத்தான் எழுதினேன், ‘அவருடைய கால்’ என்று போட்டிருந்தேன். ஆசிரியை சிவப்புப் பேனையால் வெட்டித் திருத்தினார்: ‘சி செ லெ இன்ச்சா எல் பியே, வெங்கா எசெ மிஸ்மோ தியா.’ “உடம்பில் நடப்பது ஆளுக்கு நடப்பது, அதனால் ‘அவருக்கு’ என்று சொல்லவேண்டும்” என்றார். அவருக்குக் கால் வீங்கினால். தமிழ் மாதிரியேதான். அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஆறாயிரம் மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் ஒரு மொழியில் இந்த வாக்கியத்தைச் சரியாகச் சொல்ல எனக்கு மூன்று படி வகுப்பு போதுமாக இருந்தது. வீட்டு வாசலில் இருக்கும் மொழியில் அறுபது வருடத்தில் முடியவில்லை.

அந்த வகுப்பில் இன்னொன்றையும் பார்த்தேன். பாதிப் பேர் மெக்சிகோ வழி வந்த இளைஞர்கள். வீட்டில் பேசுவதே ஸ்பானிஷ், அருவி மாதிரிப் பேசுவார்கள். ஆனால் பாடசாலை முழுக்க ஆங்கிலத்தில் படித்ததால் எழுத வராது. அந்த மொழியில் ‘ஹ’ எழுத்தை எழுதுவார்கள், உச்சரிக்கமாட்டார்கள். காதால் மட்டும் கற்றவர்கள் அதை விட்டுவிட்டு எழுதுவார்கள். என்னைப் போன்றவர்களுக்கு எழுத்துச் சரியாக வரும், வாய் திறக்காது. ஆசிரியை எங்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார். என் ஜோடி இரவில் கடையில் சாமான் அடுக்கும் ஒரு பையன். அவன் பேசுவான், நான் எழுதுவேன். பிறகு நான் பேச, அவன் எழுதவேண்டும். இரண்டு பேரும் முன்னேறினோம்.

போன வருடம் ஊருக்குத் திரும்பியதும் அதே பையனை இங்கே பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும். பக்கத்து லயத்துப் பிள்ளை, பதினாறு வயதில் கொழும்புக்குப் போய் எட்டு வருடம் புடவைக் கடையில் நின்றவன். அவன் பேசினால் சிங்களவர் என்றே நினைப்பார்கள். ஒரு கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தான். ‘வாங்க’ என்பதற்குச் சிங்களத்தில் வாயில் வருகிற ‘என்ன’ அந்தக் கடிதத்தில் இல்லை, ‘பெமிணென லெச’ என்று இருந்தது. பேச்சுச் சிங்களமும் எழுத்துச் சிங்களமும் அவ்வளவு தூரம் விலகி இருக்கின்றன. எழுத்துக்கூட்டி நான் வாசித்தேன், பொருளை அவன் ஊகித்துச் சொன்னான். வருமாறு கேட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க எங்கள் இரண்டு பேருக்கும் அரை மணித்தியாலம் ஆனது.

அரச அலுவலகம் தமிழில் பேசவேண்டியதுதானே, நாம் ஏன் சிங்களம் படிக்கவேண்டும் என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். 1956 இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. 2007 ஜூலை 1 முதல் அரச சேவையில் சேருகிறவர் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அந்த உரிமையைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும், நானும் கேட்பேன். ஆனால் வீங்கிய கால் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்காது. அதோடு, தமிழ் படிக்க விரும்பும் சிங்கள உத்தியோகத்தர்களுக்கும் இதே இரண்டாம் படிதான் கிடைக்காமல் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு கிராம உத்தியோகத்தர், “தமிழ் வகுப்பு முடித்துவிட்டேன் டீச்சர், ஆனால் நீங்கள் வேகமாகப் பேசினால் விளங்கவில்லை” என்று கவலையோடு சொன்னார்.

மொழிக் கல்விக்கென்று 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய நிறுவகம் களுத்துறை மாவட்டத்தில், அகலவத்தையில் இருக்கிறது. கொழுந்து எடுத்துவிட்டு நாலரைக்கு மலை இறங்கும் ஒரு பெண் அங்கே போகமுடியாது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கொட்டகலையிலும் பாடசாலைக் கட்டடங்கள் சனிக்கிழமை பூட்டிக் கிடக்கின்றன. அதில் ஓர் அறை போதும். முதல் படி முடித்தவர்களை மட்டும் சேர்க்கவேண்டும். சிங்களம் படிக்கும் தமிழர்களும் தமிழ் படிக்கும் சிங்களவர்களும் ஒரே அறையில், ஜோடி ஜோடியாக. வைத்தியசாலைத் துண்டு, வங்கிப் படிவம், பொலிஸ் முறைப்பாடு, பாடசாலை அனுமதிக் கடிதம் என்று உண்மையான தாள்களைக் கையில் கொடுத்துப் படிப்பிக்கவேண்டும். முதல் நாளே ‘ஒத்’ தொடங்கவேண்டும்.

எங்கள் வீட்டு முன்னறையில் கடந்த மூன்று மாதமாகச் சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குக் கூடுகிறோம். கொழும்பில் இருந்து திரும்பிய அந்தப் பையன், கொழுந்து எடுக்கும் மூன்று பெண்கள், ஓட்டோ ஓட்டும் ஒருவர், அந்தக் கிராம உத்தியோகத்தர், நான். ஏழு பேர். என் கணவரும் கதவோரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பலகை இருக்கிறது, சோக் இருக்கிறது, பழைய படிவங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. முறையாகப் படிப்பிக்கத் தெரிந்த ஆசிரியர்தான் இல்லை. இரண்டு மொழியும் தெரிந்த, ஓய்வு பெற்ற ஆசிரியர் யாராவது ஹட்டன், தலவாக்கலை பக்கம் இதை வாசித்தால் உங்கள் பத்திரிகை ஊடாக எனக்கு அறிவிக்கவேண்டும். பஸ் செலவை நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து போட்டுத் தருவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
கொட்டகலை.